இம்பீடன்ஸ்: தடையா, மறுப்பா, மறிப்பா?

நல்ல ஹெட்போன் எதை வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கம் ஒரு வரி இருக்கும்: இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு அது காட்டும் முரண்டு; ஓம் அதன் அலகு) 32 ஓம், 80 ஓம், 250 ஓம், 300 ஓம் என்று ஏதோ ஓர் எண். வாங்கப் போகிறவர் முதலில் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான்: ‘300 ஓம் என்றால் போனிலேயே ஓடுமா, தனியாக ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வேண்டுமா?’ நியாயமான கேள்வி. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கான விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் அதற்கு எந்தச் சொல்லை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து விஷயம் புரியவும் செய்யும், குழம்பவும் செய்யும்.

சொல்லை உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். 1850இல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் வந்த காய்ச்சலில் காது மந்தமாகிவிட்டது. 16 வயதோடு பள்ளி முடிந்தது. தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணிதமும் மின்னியலும் தாமாகவே படித்துக்கொண்டவை. 1886இல் ‘தி எலெக்ட்ரீஷியன்’ இதழில் எழுதிவந்த கட்டுரைத் தொடரில் இம்பீடன்ஸ் என்ற சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்தினார். கம்பிச்சுருளின் மின்பண்பைக் குறிக்கும் இண்டக்டன்ஸ் என்ற சொல்லும் அவர் தந்ததுதான். இன்று நுணுக்கமாகப் பாட்டுக் கேட்கிறவர்கள் நாள்தோறும் உச்சரிக்கும் ஒரு சொல், சரியாகக் காது கேளாத ஒருவரிடமிருந்து வந்தது. எனக்கு அது மறக்கவே முடியாத செய்தி.

அவருக்குப் புதுச் சொல் ஏன் தேவைப்பட்டது? ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி, ஒரே சீராக ஓடும் மின்சாரத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது ரெசிஸ்டன்ஸ். ஆனால் தந்தியிலும் தொலைபேசியிலும் ஓடுவது சீரான மின்சாரம் அல்ல. ஏறும், இறங்கும், திசை மாறும். அது எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதற்கேற்பக் கம்பியின் முரண்டும் மாறுகிறது. வேகத்துக்கு ஏற்ப மாறும் இந்த மொத்த முரண்டுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. பின்னர் 1893இல் ஆர்தர் கென்னலி என்ற பொறியாளர் (பம்பாயின் கொலாபாவில் பிறந்தவர்) இதைச் சிக்கலெண்களால் (காம்ப்ளெக்ஸ் எண்கள்) எழுதிக் காட்டினார். ரெசிஸ்டன்ஸ் ஓர் அச்சில், வேகத்துக்கு ஏற்ப மாறும் பகுதியான ரியாக்டன்ஸ் அதற்குச் செங்குத்தான அச்சில். இரண்டும் சேர்ந்தது இம்பீடன்ஸ். இன்றுவரை கணக்குப் போடும் முறை அதுதான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘இம்பெடீரே’ என்ற வினைக்குள் பாதத்தைக் குறிக்கும் ‘பெஸ், பெடிஸ்’ இருக்கிறது. காலில் விலங்கு மாட்டுவது, நடக்கவிடாமல் செய்வது என்பது அதன் நேர்ப்பொருள். சைக்கிளின் பெடலிலும் இதே பாதம்தான் இருக்கிறது. மாட்டிய விலங்கைக் கழற்றிவிடும் எதிர்வினை ‘எக்ஸ்பெடீரே’. எக்ஸ்பெடிஷன் அதிலிருந்து வந்தது.

இதைப் படித்ததும் தமிழ் தெரிந்தவருக்கு உடனே ஒரு சொல் நினைவுக்கு வரும்: தளை. மாட்டின் காலில் கட்டும் கயிறு. தளையிட்ட மாடு நின்றுவிடுவதில்லை. மேயும், மெல்ல நடக்கும், ஓட மட்டும் முடியாது. கம்பிச்சுருள் மின்சாரத்தை நடத்தும் விதமும் அச்சு அசலாக இதேதான். மெதுவாக மாறும் மின்சாரத்தை விட்டுவிடும், வேகமாக மாறுவதை இழுத்துப் பிடிக்கும். ரெசிஸ்டன்ஸ் அப்படியல்ல. அது சேற்றில் நடப்பது போல. நடந்தாலும் ஓடினாலும் காலைப் பிடிப்பது ஒரே சேறுதான்.

அப்படியானால் தளையையே கலைச்சொல்லாக்கி விடலாமே என்றால், எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மின்தேக்கி, அதாவது கெபாசிட்டர், தலைகீழாக நடந்துகொள்ளும். மெதுவானதை நிறுத்தும், வேகமானதை விடும். அதற்குத் தளை உவமை பொருந்தாது. யாப்பிலும் தளை வேறு பொருளில் நன்றாக ஊன்றிவிட்டது.

இனி, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொற்களைப் பார்ப்போம். மின்தடை, மின்மறுப்பு, மின்னெதிர்ப்பு, மின்மறிப்பு என்று நான்கும் எழுத்தில் காணக் கிடைக்கின்றன. மின்தடை ரெசிஸ்டன்ஸுக்கு நிலைபெற்றுவிட்டது, அதில் சிக்கல் இல்லை. மற்ற மூன்றில்தான் குழப்பம். மின்மறுப்பு ஓரிடத்தில் இம்பீடன்ஸ், இன்னோரிடத்தில் ரியாக்டன்ஸ். அதனால் ‘மின்மறுப்பு 300’ என்று படிக்கிறவர் எதைக் குறிக்கிறது என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நான் மின்மறிப்பையே எடுத்துக்கொள்கிறேன். காரணம் ‘மறி’ என்ற வேர். வழிமறித்தான் என்றால் போகிறவனைக் குறுக்கே நின்று நிறுத்தினான். மறியல் என்பதிலும் அதே பொருள்தான். ஆனால் அந்த வேருக்கு இன்னொரு பொருளும் உண்டு: திரும்புதல், மடங்குதல், திருப்பி அனுப்புதல். இது எனக்கு மிகவும் பிடித்த இடம். மின்தடை தன்னிடம் வரும் ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்துவிடும். கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அப்படிக் கரைப்பதில்லை. ஒரு கணம் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த கணம் வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. நிறுத்துவது, திருப்புவது என்ற இரண்டும் ஒரே வேரில் அடங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது. மறுப்பில் அது இல்லை. மறுப்பு என்றால் முடியாது என்று சொல்வது. 300 ஓம் ஹெட்போன் எதையும் மறுப்பதில்லை. எதிர்ப்பு என்பதோ தடையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்குப் பொதுவான சொல்.

மறுப்பும் மறிப்பும் ஒரே ஓர் எழுத்தில்தான் வேறுபடுகின்றன, கண் தவறிப் படித்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். உண்மையான குறைதான். ஆனால் ஹெட்போன் பற்றிய பேச்சில் ரியாக்டன்ஸ் தனியாக வருவது அபூர்வம். வரும் இடத்தில் மறுப்பு என்று அதை வைத்துக்கொண்டு, தடையும் மறுப்பும் சேர்ந்தது மறிப்பு என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

சரி, இந்த மறிப்பைக் கையால் உணர முடியுமா? முடியும். எதிலும் இணைக்காத பெரிய ஸ்பீக்கர் ஒன்றின் கூம்பை விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ‘தொம்’ என்று கொஞ்சம் இழுத்தபடி அதிரும். இப்போது பின்னால் உள்ள இரண்டு முனைகளையும் சிறு கம்பித் துண்டால் இணைத்துவிட்டு மறுபடி தட்டுங்கள். ‘டப்’ என்று சட்டென அடங்கிவிடும். காந்தத்துக்கு நடுவே அசையும் கம்பிச்சுருள் தானே ஒரு சிறு ஜெனரேட்டராகிறது. அது உண்டாக்கும் மின்சாரத்துக்கு ஓட வழி கிடைத்ததும், அந்த மின்சாரமே கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. ஹெட்போனுக்குள்ளும் நடப்பது இதே வேலைதான். சவ்வு இலேசானது, காற்றும் உள்ளே உள்ள துணியும் அதைப் பிடித்துக்கொள்கின்றன என்பதால் அளவுதான் குறைவு.

இந்தச் சிறு ஜெனரேட்டர்தான் பெட்டியில் அச்சிட்ட எண்ணைப் பாதி உண்மையாக்குகிறது. சென்ஹைசர் எச்டி 650 என்ற ஹெட்போனின் மறிப்பு 300 ஓம் என்று போட்டிருக்கும். ஆனால் 80, 90 ஹெர்ட்ஸ், அதாவது கீழ்ச்சுருதி, பக்கம் அதன் சவ்வு இயல்பாகவே அதிகம் ஆடும். கம்பிச்சுருள் எதிர்த்து உண்டாக்கும் மின்னழுத்தமும் கூடும். மறிப்பு 500 ஓமை நெருங்கிவிடும். அதாவது 300 ஓம் என்பது ஒரு மலைத்தொடரின் சமவெளி மட்டம் மாதிரி. மேடும் பள்ளமும் அதில் தெரியாது. பிளேனார் வகை (தட்டையான சவ்விலேயே கம்பி பதித்த) ஹெட்போன்களில் இந்த மேடு அநேகமாக இல்லை, கோடு தட்டையாகவே போகும். ஸ்டாக்ஸ் நிறுவனம் தயாரிக்கும் எலெக்ட்ரோஸ்டாட்டிக் வகை (சுருளே இல்லாமல் நிலைமின்விசையால் சவ்வை அசைப்பது) இன்னொரு கோடி. அது மின்தேக்கி போல நடந்துகொள்வதால் சுருதி ஏற ஏற மறிப்பு குறையும். அதனால்தான் அவர்கள் 1,45,000 ஓம் என்று போடும்போது, 10 கிலோஹெர்ட்ஸில் அளந்தது என்றும் சேர்த்தே போடுகிறார்கள். எல்லாரும் அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும்.

அதிக ஓம் என்றால் ஆம்புக்கு அதிகப் பாரம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ‘தடை’ என்று நினைத்துக்கொண்டதிலிருந்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எச்டி 650, 1 வோல்ட்டுக்கு 103 டெசிபெல் ஒலி தரும். இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2.2 வோல்ட் போதும். 300 ஓமில் அது சுமார் 17 மில்லிவாட், 7.5 மில்லிஆம்பியர். ஹைஃபைமேன் எச்ஈ-6 என்ற இன்னொரு ஹெட்போனின் மறிப்பு வெறும் 50 ஓம். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபெல்தான் தரும். அதே 110 டெசிபெலுக்கு இதற்கு 450 மில்லிவாட் வேண்டும், 4.7 வோல்ட், 95 மில்லிஆம்பியர். ஆறில் ஒரு பங்கு ஓம் உள்ள ஹெட்போன் 26 மடங்குக்கும் மேல் திறன் (பவர்) கேட்கிறது! ஆக, ஓம் மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்திலேயே எழுதியிருக்கும் டெசிபெல் எண்ணையும், அது வோல்ட்டுக்கா மில்லிவாட்டுக்கா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஓம் எண் சொல்வது வேறொன்று: அந்த ஹெட்போன் எந்த வகையான தீனி கேட்கிறது என்பதை. மறிப்பு அதிகமானால் வோல்ட் அதிகம் வேண்டும், மின்னோட்டம் குறைவாகப் போதும். மறிப்பு குறைந்தால் நேர்மாறு. பேயர்டைனமிக் டிடி 880 ஒரே பெயரில் 32, 250, 600 ஓம் என மூன்று வடிவங்களில் வந்தது. 600 ஓம் வடிவத்தின் சுருளில் முடியைவிட மெல்லிய கம்பி, சுற்று அதிகம், எடை குறைவு. அதைப் போனில் செருகினால் ஒலி சன்னமாக வருவது திறன் போதாமையால் அல்ல, வோல்ட் போதாமையால்.

மறிப்பு ஹெட்போனுக்கு மட்டும் உரியதல்ல, ஆம்புக்கும் உண்டு. அதை வெளியீட்டு மறிப்பு என்று சொல்லலாம். ஐஇசி 61938 என்ற சர்வதேசத் தரநிலை 1996இல் இதற்கு 120 ஓம் என்று பரிந்துரைத்தது. அப்படிப்பட்ட ஆம்பில் எச்டி 650ஐ மாட்டினால், 300 ஓம் இருக்கும் இடங்களில் ஹெட்போனுக்குப் போய்ச் சேர்வது 71 விழுக்காடு மின்னழுத்தம். 500 ஓம் மேட்டில் 81 விழுக்காடு. கீழ்ச்சுருதி சுமார் 1 டெசிபெல் தூக்கிக் கேட்கும். சிலருக்கு அந்த வெதுவெதுப்பு பிடிக்கும், எனக்கும் சில பாட்டுகளில் பிடிக்கும். ஆனால் அது ஆம்பின் ‘குணம்’ அல்ல, இரண்டு மறிப்புகளின் சேர்க்கை. அதே ஆம்பில் தட்டையான பிளேனார் ஒன்றை மாட்டினால் ஒலியளவு குறையும், நிறம் மாறாது. ஆம்பின் வெளியீட்டு மறிப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற புழக்கத்து விதி இதிலிருந்து வந்ததுதான்.

பராமரிப்பிலும் இந்தச் சொல் உதவும். என் ஹெட்போன் ஒன்றில் இடது பக்கம் அடிக்கடி மங்கிப்போய்க்கொண்டிருந்தது. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் சுருளும் சவ்வும்) போய்விட்டது என்றே நினைத்தேன். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் நுனியிலும் இன்னொன்றை அடிவளையத்திலும் தொட்டேன். காதில் ‘கிரக்’ என்று ஒரு சிறு ஒலி வந்தது. சுருள் உயிரோடுதான் இருக்கிறது! ஆனால் எண் நிலையாக நிற்கவில்லை, கேபிளை அசைத்தால் தாவியது. வலது பக்கம் அசையாமல் நின்றது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு சிறு முள்களும் கறுத்திருந்தன. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டியதும் இரண்டு பக்கமும் ஒன்றாயின. அப்புறம், ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மல்டிமீட்டர் அளப்பது மின்தடையைத்தான், மறிப்பை அல்ல. சீரான மின்சாரத்தை அனுப்பிப் பார்க்கும் கருவிக்கு மேடும் பள்ளமும் தெரியாது. இடமும் வலமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க அது போதும்.

அழுக்கு முள் 2 ஓம் கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 ஓம் ஹெட்போனில் அது காதுக்கே தெரியாது. 16 ஓம் இயர்போனில் அந்தப் பக்கம் 1 டெசிபெல் இறங்கி, பாடகரின் குரல் நடுவிலிருந்து சற்று நகர்ந்துவிடும். குறைமறிப்பு வைத்திருப்பவர்கள்தான் இணைப்பு முனைகளைத் துடைப்பதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

எழுதும்போது: இம்பீடன்ஸ் – மின்மறிப்பு, இடம் தெளிவாக இருந்தால் வெறும் மறிப்பு. ஹை இம்பீடன்ஸ் ஹெட்போன் – உயர்மறிப்பு ஹெட்போன். லோ இம்பீடன்ஸ் – குறைமறிப்பு. அவுட்புட் இம்பீடன்ஸ் – வெளியீட்டு மறிப்பு. இன்புட் இம்பீடன்ஸ் – உள்ளீட்டு மறிப்பு. காற்றும் ஒலிக்கு இதே போல வழிமறிக்கும், அதற்கு ஒலிமறிப்பு. பெட்டியில் அச்சிடுகிறவர் ‘மின்மறிப்பு 300 ஓம், 1 கிலோஹெர்ட்ஸில்’ என்று எழுதலாம்.