கொறங்காட்டில் பனியன் புழுக்கள்

காங்கேயம் கொறங்காட்டில் (வேலியடைத்த மேய்ச்சல் காட்டில்) ஆள்காட்டிக் குருவி சரளைக்கல்லுக்கு நடுவே வெறுந்தரையில் முட்டையிடும். பெரும்பாலும் 4 முட்டை. காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குச் சட்டென்று படாது. முட்டைக்கு எப்படி இந்த நிறம் வந்தது என்று வகுப்பில் கேட்டால், "ஒளிஞ்சுக்கறதுக்காக மாத்திக்கிச்சுங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலைத் திருத்தத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் (வெட்டி மிஞ்சிய துணியில்) புழு செய்து ஓர் ஆட்டம் ஆடினால் போதும்.

செங்காவி, வைக்கோல் நிறம், பச்சை, வெள்ளை என நான்கு நிறம். நிறத்துக்கு 20 துண்டு. சிங்கிள் ஜெர்சித் துணியை (சாதா பனியன் துணியை) அகலவாக்கில், 1 செ.மீ. பட்டையாக 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டி இழுத்துவிட்டால் ஓரம் சுருண்டு புழுவாகிவிடும். ரிப் துணி (வரிவரியாக இருக்கும் பின்னல்) சுருளாது, வாங்காதீர்கள். செங்காவியிலும் வைக்கோல் நிறத்திலும் இன்னும் தலா 40 துண்டு கையிருப்பு வேண்டும்.

செம்மண் தரையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கோலமாவால் கட்டம் போட்டு, பிள்ளைகள் திரும்பி நிற்கும்போது 80 புழுவையும் பரவலாகத் தூவுங்கள். 8 பேர் பறவைகள். ஆளுக்கு 5 இரை. ஒன்றைப் பொறுக்கி, கட்டத்துக்கு வெளியே உள்ள டப்பாவில் போட்டுவிட்டு வந்துதான் அடுத்தது. இதில் இளகினால் உட்கார்ந்த இடத்திலேயே கைக்கு எட்டியதை அள்ளுவார்கள். நிறத்துக்கு வேலையே இருக்காது.

டப்பாவில் உள்ளதை நிறவாரியாக எண்ணி, அந்தச் சுற்றில் தூவிய எண்ணிக்கையில் (முதல் சுற்றில் 20) கழித்தால் தரையில் பிழைத்தது எத்தனை என்று தெரிந்துவிடும், தேட வேண்டாம். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு குட்டி. செங்காவியில் 16 பிழைத்தால் 32 ஆகும். வெள்ளையில் 3 பிழைத்தால் 6தான். மொத்தம் மறுபடி 80. மூன்று சுற்று முடிந்ததும், "நிறம் மாறின புழு ஒண்ணைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ஒன்றுகூட இருக்காது. மாறியது கூட்டத்தின் நிறம். ஆள்காட்டி முட்டைக்கும் அப்படித்தான். ஐப்பசி மழைக்குப்பின் கொழுக்கட்டைப் புல் தழைத்ததும் அதே இடத்தில் ஆடிப்பாருங்கள், பச்சை முந்தும்.

காலை வெயில் சாய்வாக விழும்போது ஆடினால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும், செங்காவியும் சிக்கும். வெள்வேல மர நிழல் நல்லது. (மரப்பட்டையில் அந்துப்பூச்சி தட்டையாக ஒட்டி உட்காருவதும் நிழலை மறைக்கத்தான்.) மூன்றாம் சுற்றில் சிலர் செங்காவியை மட்டுமே குறிவைத்துத் தேடுவார்கள். தடுக்காதீர்கள்: அடிக்கடி கிடைக்கும் இரையின் உருவத்தைப் பறவைகளும் மனத்தில் பிடித்துக்கொள்கின்றன என்று டச்சுப் பறவையியலாளர் லூக் டின்பர்கன் எழுதியது, அவர் இறந்தபின் 1960இல் வெளியானது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத பையன் ஒருவன் பச்சையைத் தவறவிட்டால் அவனைக் கடிய வேண்டாம்; அவன் கண்ணுக்கு அந்தப் புழு உண்மையிலேயே மறைந்திருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் துண்டுகளை எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். மேய வரும் மாடு தின்றால் துணி செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். கடைசி நாலைந்து அகப்படாமல் அலையவிடும். அவை எந்த நிறம் என்று பிள்ளைகளே சொல்வார்கள்.