மூக்கை முதலில் ஓயவைக்கும் வாயு

திருகோணமலை உப்புவெளியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “எங்கள் வீட்டுக்குப் பின்னாலுள்ள விடுதியில் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறக்கும்போதெல்லாம் கூழ்முட்டை நாற்றம் வீசுகிறது. சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. நின்றபின் உள்ளே இறங்குவதில் ஆபத்து இல்லைத்தானே?” ஆபத்து உண்டு. அது ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சு வாயுவின் நாற்றம். நாற்றம் நின்றதற்கு வாயு கலைந்து போனது காரணமாக இருக்கலாம்; முகரும் நரம்பு செயலிழந்தது காரணமாகவும் இருக்கலாம்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபத்தான இரசாயனம் என்றால் களஞ்சிய அறையிலுள்ள குளோரீன் உருளைகளும் அமிலக் கலன்களுமே பலருக்கு நினைவு வரும். அவற்றுக்கான விதிகள் கடினமானவை அல்ல. குளோரீன் காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமானதால், கசிவின்போது பள்ளத்தை விட்டு, காற்று வரும் பக்கமாக மேட்டுக்குச் செல்ல வேண்டும். கசியும் இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அமிலம் உருவாகி ஓட்டையை அரித்துப் பெரிதாக்கும். வெளிற்றும் திரவமான சோடியம் ஐப்போகுளோரைற்றும் அமிலமும் கலந்தால் குளோரீன் வெளிவரும் என்பதால் அவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இவையெல்லாம் விலைக்கு வாங்கி, பெயர் ஒட்டி, பூட்டி வைக்கப்படும் பொருட்கள்; ஐதரசன் சல்பைட்டையோ எவரும் வாங்குவதில்லை, தொட்டியே அதைத் தயாரித்துக்கொள்கிறது.

கழிவுநீரிலுள்ள பற்றீரியாக்கள் முதலில் கரைந்த ஒட்சிசனைப் பயன்படுத்துகின்றன. அது தீர்ந்தபின் நைத்திரேற்றும், அதுவும் தீர்ந்தபின் கந்தகமும் ஒட்சிசனும் சேர்ந்த சல்பேற்றும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சல்பேற்றைக் கொண்டு சுவாசிக்கும் பற்றீரியாக்கள் சல்பைட்டை வெளிவிடுகின்றன. இந்த இடத்தில் கரையோர ஊர்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேற்று இருப்பதால், கடலை ஒட்டிய நிலத்தடியில் பதிந்த குழாயொன்று விரிசல் விட்டு உவர்நீர் உள்ளே கசியுமானால், அந்தப் பற்றீரியாக்களுக்குத் தட்டுப்பாடே இராது. திருகோணமலையின் வெக்கையும் அவற்றின் வேலையை விரைவுபடுத்தும்.

என்னை எப்போதும் வியக்கவைப்பது அடுத்த படிதான். உருவான சல்பைட்டு முழுவதும் வாயுவாக மேலே வந்துவிடுவதில்லை. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஒன்று, வெளியேறக்கூடிய ஐதரசன் சல்பைட்டு, மற்றது, மின்னேற்றம் பெற்றிருப்பதால் நீரை விட்டு வெளியேற முடியாத அயன். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு நீரில் 7 ஆக இருந்தால் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதி. 8 ஆனால் பத்தில் ஒரு பங்கு மட்டுமே வெளியேறக்கூடிய வடிவில் இருக்கும். 6 ஆனால் பத்தில் ஒன்பது பங்கு அவ்வடிவுக்கு மாறிவிடும். கந்தகத்தின் அளவு துளியும் மாறாதிருக்க, காரமும் அமிலமும் மட்டுமே கதவைச் சாத்தித் திறக்கின்றன. ஆகவே அடைப்பு நீக்குவதற்கென்று ஒருவர் அமிலத்தை ஊற்றும்போது, அதுவரை நீரில் கட்டுண்டிருந்ததையும் தம் முகத்தை நோக்கி அவரே விடுவித்துக்கொள்கிறார். சுண்ணாம்பு இடுவது இதற்கு நேர்மாறாக வேலை செய்யும். அமிலமே இல்லாவிட்டாலும், அடியில் படிந்த சேற்றைக் கிளறுவது சோடாப் போத்தலைக் குலுக்கித் திறப்பதற்கு ஒப்பானது.

இந்த வாயுவின் நாற்றத்தைப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவான அளவிலேயே மூக்கு அறிந்துவிடும். ஆனால் பத்து இலட்சத்தில் 100 பங்கை அது எட்டும்போது, சில நிமிடங்களில் முகரும் நரம்பு ஓய்ந்துவிடுகிறது. 500 பங்குக்கு மேல் மயக்கமும், 1000 பங்கு அளவில் ஓரிரு மூச்சில் மரணமும் நேரலாம். சயனைட்டைப் போலவே, கலங்கள் ஒட்சிசனைப் பயன்படுத்த உதவும் நொதியத்தை அது முடக்கிவிடுவதே காரணம்.

பழைய கிணற்றில் இறங்கியவர் திரும்பாவிட்டால் ‘முனி அடித்துவிட்டது’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் அழியவில்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் அதைவிட அறிவுபூர்வமானதாகத் தோன்றினாலும், சுடர் ஒட்சிசன் குறைவை மட்டுமே காட்டும். ஆளைக் கொல்லும் அளவு ஐதரசன் சல்பைட்டு இருக்கும்போதும் அது அணையாமல் எரியும். எரியக்கூடிய மெதேன் வாயுவும் சேர்ந்திருந்தால் அந்தச் சுடராலேயே தொட்டி வெடிக்கவும் கூடும்.

இறங்குவதற்கு முன் செய்யவேண்டியது இதுதான்: வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று ஆழங்களில் அளந்து, விசிறியால் புதிய காற்றை உள்ளே செலுத்தி, இறங்குபவரின் உடல் முழுவதையும் தாங்கும் வாரை மேலே ஒரு மூன்றுகால் தாங்கியில் கயிற்றால் பிணைத்து, ஒருவர் அவ்விடத்தை விட்டு அகலாமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் விழுந்தால் மேலே நிற்பவர் குதிக்காமல் அந்தக் கயிற்றைச் சுருட்டி இழுத்தே தூக்க வேண்டும், ஏனெனில் இத்தகைய குழிகளில் காப்பாற்றப் போனவரும் இறந்துபோவது பலமுறை நடந்திருக்கிறது. சேற்றைக் கிளறிய பின் முதலில் எடுத்த அளவு செல்லாது. கருவியை மறுபடியும் இறக்க வேண்டும்.