கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் எபிசோட்ல வர்ற அந்த ஐஸ் சுவர் நிஜத்துல நிக்குமா?

2011 ஏப்ரல் 17ஆம் தேதி ஹெச்பிஓ சேனல்ல கேம் ஆஃப் த்ரோன்ஸ் சீரியலோட முதல் எபிசோட் வந்துச்சு. ஆரம்பத்துலயே மூணு பேர் குதிரையில உக்காந்துட்டு இரும்புக் கதவு மேல ஏறுறதுக்காக காத்திருப்பாங்க, கதவு திறந்ததும் ஐஸைக் குடைஞ்ச ஒரு சுரங்கம் வழியா அந்தப் பக்கம் போவாங்க, அப்புறம் கேமரா தூரத்துலேர்ந்து காட்டும்போதுதான் தெரியும் அவங்க வெளிய வந்தது எவ்ளோ பெரிய ஐஸ் சுவரோட அடியிலேர்ந்துன்னு. அதுக்கப்புறம் காடு, பொணம், நீலக்கண்ணு, தலை உருளுறதுன்னு எபிசோட் எங்கயோ போயிடும். பாத்தவங்க எல்லாரும் அந்த நீலக்கண்ணுக்காரங்களைப் பத்திதான் பேசுவாங்க. எனக்கு என்னவோ அந்தச் சுவர் மேலயேதான் கண்ணு.

கதைப்படி அதோட உயரம் 700 அடி, அதாவது சுமார் 213 மீட்டர். நீளம் 300 மைல். வயசு 8000 வருஷம். மந்திரம் போட்டு கட்டினாங்கன்னு சொல்லிட்டா கேள்வியே கிடையாது, அது வேற விஷயம். மந்திரம் இல்லாம வெறும் ஐஸை வெச்சு இப்படி ஒண்ணு கட்டினா என்ன ஆகும்?

முதல்ல எடை. ஒரு கன மீட்டர் ஐஸ் சுமார் 917 கிலோ. அதை 213 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினா அடியில இருக்கிற ஒவ்வொரு சதுர மீட்டர் மேலயும் 195 டன் உக்காந்திருக்கும். காத்தழுத்தத்தைப் போல 19 மடங்கு. இவ்ளோ அழுத்தம் இருந்தா அடி ஐஸ் உருகிடும்னு நிறைய பேர் நினைப்பாங்க, ஸ்கூல்ல அழுத்தம் கூடினா ஐஸ் உருகும்னு படிச்சது மனசுல அப்படியே நிக்குது இல்லையா. உண்மைதான், ஆனா எவ்ளோன்னு பாத்தா சிரிப்பு வரும், இந்த 19 மடங்கு அழுத்தத்துக்கு உருகுநிலை இறங்குறது வெறும் 0.14 டிகிரிதான். குளிர் பிரதேசத்துல அது ஒரு பொருட்டே இல்ல. சரி, நசுங்கி நொறுங்கிடுமா? அதுவும் இல்ல, நல்லா குளிர்ந்த ஐஸை நசுக்கி உடைக்க இதை விட பல மடங்கு அழுத்தம் வேணும்.

அப்போ சுவர் நிக்கும்னு சொல்லிடலாமா? இங்கதான் ஐஸோட குணம் தெரியாம மாட்டிக்குவோம். ஐஸ் கல் மாதிரி தெரியுது, ஆனா அது ஓடுற பொருள். ரொம்ப மெதுவா ஓடும், அவ்ளோதான்.

ஏன் ஓடுதுன்னா, எந்தத் திடப்பொருளா இருந்தாலும் அதோட உருகுநிலையை நெருங்க நெருங்க இளகி வளைஞ்சு கொடுக்க ஆரம்பிக்கும். நமக்கு மைனஸ் 20 டிகிரின்னா உறையுற குளிர். ஐஸ் கணக்குல பாத்தா அது பயங்கர சூடு. கெல்வின்ல போட்டுப் பாருங்க, உருகுறது 273, மைனஸ் 20ங்கறது 253, கிட்டத்தட்ட 93 சதவீதம் வந்தாச்சு. இரும்பை அதோட உருகுநிலையில 93 சதவீதத்துக்கு கொண்டு போகணும்னா சுமார் 1400 டிகிரி செல்சியஸ் வரைக்கும் காய்ச்சணும். பழுத்துப் போய் ஜொலிக்கிற அந்த நிலையில இருக்கிற இரும்புல யாராவது 700 அடிக்கு சுவர் கட்டி அது ஆயிரக்கணக்கான வருஷம் நிக்கும்னு சொன்னா நம்புவோமா?

உள்ளுக்குள்ள நடக்கிறது இதுதான். தண்ணி உறையும்போது மூலக்கூறுகள் ஆறு மூலை வடிவத்துல தளம் தளமா அடுக்கிக்கும். ஒரே தளத்துக்குள்ள பிணைப்பு கெட்டியா இருக்கும், ஒரு தளத்து மேல இன்னொரு தளம் மட்டும் சுலபமா வழுக்கும், சீட்டுக்கட்டை மேஜையில வெச்சு பக்கவாட்டுல தள்ளினா சரியுமே அப்படி. மேல எடை இருந்துட்டே இருந்தா ஒவ்வொரு படிகமும் கொஞ்சம் கொஞ்சமா சரியும், மொத்தமா பாத்தா ஐஸ் வழியுற மாதிரி இருக்கும். பனியாறுன்னு சொல்றோமே அது மலையிலேர்ந்து இறங்குறதுக்கு ஒரு காரணம் இந்த வழிதல்தான், இன்னொரு காரணம் அடியில தரை மேல சறுக்குறது.

இந்த வழிதலுக்கு கணக்கு கண்டுபிடிச்சவர் ஜான் கிளென் அப்படிங்கற இயற்பியலாளர். 1950கள்ல கேம்பிரிட்ஜ்ல ஐஸ் கட்டிகளை எடைக்கு கீழ வெச்சு அது எவ்ளோ வேகமா நசுங்குதுன்னு பொறுமையா அளந்தார். அழுத்தத்தை ரெண்டு மடங்கு ஆக்கினா வழியுற வேகம் ரெண்டு மடங்கு ஆகல, சுமார் எட்டு மடங்கு ஆகுது, மூணு மடங்கு ஆக்கினா இருபத்தேழு. அதனால உயரம் கூடக் கூட பிரச்சினை ஏறுற வேகமே வேற. இதோட வெப்பநிலையும் சேரும், மைனஸ் 20ல இருக்கிற ஐஸை விட பூஜ்யம் டிகிரிகிட்ட இருக்கிற ஐஸ் சுமார் 20 மடங்கு வேகமா வழியும். கதையில அந்த முதல் எபிசோட் நடக்கிறதே வருஷக்கணக்கா நீண்ட ஒரு கோடைக்காலத்தோட கடைசியில, அதனால சுவருக்கு சாதகமா நாமளே மைனஸ் 20னு வெச்சுக்குவோம். வெச்சுக்கிட்டு கிளென் சமன்பாட்டுல 213 மீட்டரைப் போட்டா, தோராயக் கணக்குதான், ரெண்டு பக்கமும் தாங்க எதுவும் இல்லாத அந்தச் சுவரோட அடிப்பாகம் சில மாசத்துலயே கண்ணுக்கு தெரியுற அளவுக்கு வெளிய பிதுங்க ஆரம்பிச்சிடும். 8000 வருஷமா? அவ்ளோ சீன் கிடையாது.

பிதுங்கி பிதுங்கி எங்க போய் நிக்கும்னும் கணக்கு போடலாம். கிரீன்லாந்து மாதிரி இடத்துல நிலத்தையே மூடிக் கிடக்கிற பனிப்படலங்களோட வடிவத்துக்கு பனியாறு ஆராய்ச்சி பண்றவங்க போடுற எளிமையான கணக்கு ஒண்ணு இருக்கு, அதுப்படி நடுவுல 213 மீட்டர் உயரம் வேணும்னா ரெண்டு பக்கமும் சுமார் 2 கிலோமீட்டர் அகலத்துக்கு சரிவு வேணும். அதாவது நிக்கிறது சுவர் இல்ல, மெதுவா ஏறி மெதுவா இறங்குற ஒரு பனி மேடு. அந்தப் பக்கத்துக்காரங்க கோடரியை ஐஸ்ல குத்தி குத்தி உயிரைப் பணயம் வெச்சு ஏற வேண்டியதே இல்ல, ஓரத்துல கொஞ்சம் செங்குத்தா இருக்கும், அதைத் தாண்டிட்டா பேசிக்கிட்டே நடந்து வந்துடலாம்.

இப்போ அந்தச் சுரங்கத்துக்கு வருவோம், முதல் காட்சியில குதிரையில போவாங்களே அது. ஐஸ்ல ஓட்டை போட்டா சுத்தி இருக்கிற ஐஸ் அதுக்குள்ள வழிஞ்சு ஓட்டையை மூடும். எவ்ளோ வேகமா மூடும்னு 1953ல ஜான் நை அப்படிங்கற இயற்பியலாளர் கணக்கு போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்குப்படி 213 மீட்டர் ஐஸுக்கு அடியில இருக்கிற சுரங்கம் ஒரு வருஷத்துலயே பாதிக்கு மேல சுருங்கிடும். அதனால கதையில சுவரைக் காவல் காக்குற நைட்ஸ் வாட்ச் ஆளுங்க வாளைத் தூக்கி மூலையில போட்டுட்டு வருஷம் பூரா சுரங்கத்தை செதுக்கிட்டேதான் இருக்கணும்.

இதை வெறும் ஏட்டுக் கணக்குன்னு ஒதுக்க முடியாது, அமெரிக்க ராணுவமே பட்டு தெரிஞ்சுக்கிட்ட விஷயம். 1959ல கிரீன்லாந்து பனிப்படலத்துக்குள்ள கேம்ப் செஞ்சுரின்னு ஒரு முகாம் கட்ட ஆரம்பிச்சாங்க, பனியில பள்ளம் வெட்டி மேல வளைவுக் கூரை போட்டு மூடி உள்ள தூங்குற இடம், சாப்பாட்டுக்கூடம், லேப் எல்லாம் வெச்சாங்க, கரண்டுக்கு ஒரு சின்ன அணு உலையைக் கூட கொண்டு போய் உள்ள இறக்கினாங்க. ஐஸுக்கு அடியில ஏவுகணைகளை ஒளிச்சு வைக்க முடியுமான்னு பாக்கிற ரகசியத் திட்டம் பின்னாடி இருந்தது வெளிய தெரிஞ்சது 1990கள்லதான். சுவர் உள்ள வந்துட்டே இருந்துச்சு, கூரை இறங்கிட்டே இருந்துச்சு, எதிர்பார்த்ததை விட வேகமா. ஆளுங்க செதுக்கி செதுக்கி வெளிய கொட்டினாங்க, கடைசியில 1963ல அணு உலையை நிறுத்தி அப்புறம் கழட்டி எடுத்துட்டு போனாங்க, 1967ல முகாமையே கைவிட்டுட்டாங்க. ஒரு நல்லது நடந்துச்சு, 1966ல அங்க 1387 மீட்டர் ஆழம் துளை போட்டு பனிப்படலத்தோட அடிவரைக்கும் ஐஸ் சாம்பிள் எடுத்தாங்க, பழங்கால தட்பவெப்பத்தைப் படிக்க அது பெரிய பொக்கிஷம்.

சரி, ஐஸை பலப்படுத்த வழியே இல்லையா? இருக்கு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஜெஃப்ரி பைக்னு ஒருத்தர் ஐஸ்ல விமானம் தாங்கிக் கப்பல் கட்டலாம்னு பிரிட்டனுக்கு யோசனை சொன்னார். கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா சீரியஸா எடுத்துக்கிட்டாங்க. தண்ணியில சுமார் 14 சதவீதம் மரக்கூழைக் கலந்து உறைய வெச்சா வர்ற பொருளுக்கு பைக்கிரீட்னு பேர், வெறும் ஐஸ் மாதிரி சடார்னு உடையாது, நார் நாரா விரிசலைப் பிடிச்சுக்கும். அதை ஆராய்ச்சி பண்ணினவங்கள்ல மேக்ஸ் பெரூட்ஸும் ஒருத்தர், லண்டன் ஸ்மித்ஃபீல்டு இறைச்சி மார்க்கெட்டுக்கு அடியில இருந்த குளிர்கிடங்குல வேலை செஞ்சார், பின்னாடி ஹீமோகுளோபின் அமைப்பைக் கண்டுபிடிச்சு 1962ல நோபல் வாங்கினவரும் அவரேதான். 1943ல கனடாவுல பட்ரீஷியா ஏரியில 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மாதிரியும் கட்டிப் பாத்தாங்க. ஆனா பெரூட்ஸ் குழு கண்டுபிடிச்சது என்னன்னா, பைக்கிரீட்டும் வழியும், மைனஸ் 15 டிகிரிக்கு குளிர்ச்சியா வெச்சிருந்தாதான் தன் எடையை நீண்ட நாள் தாங்கும். கப்பல் பூரா குளிர்பதனக் குழாய் ஓட்டணும்னு ஆகி, செலவு எகிறி, திட்டம் படுத்துடுச்சு. சுவர் கட்டினவங்க கதையில மந்திரத்தைக் கூப்பிட்டது ஏன்னு இப்போ எனக்கு நல்லாவே புரியுது.

இது வரைக்கும் பாத்தது மெதுவா வழியுற கதை. டக்குனு உடையுற கதை தனி. செங்குத்தான ஐஸ் சுவரோட அடியில வெட்டு அழுத்தம், அதாவது ஐஸை பக்கவாட்டுல சரிய வைக்கிற அழுத்தம், அதிகமா இருக்கும், 213 மீட்டருக்கு கிட்டத்தட்ட ஒரு மெகாபாஸ்கல், அதாவது காத்தழுத்தத்தைப் போல சுமார் 10 மடங்கு வருது, விரிசலே இல்லாத சுத்தமான ஐஸ் தாங்குறதோட எல்லையும் சுமாரா அதுதான். ஆனா நிஜ ஐஸ்ல விரிசல் இல்லாம இருக்குமா. அதனாலதான் கிரீன்லாந்துல யாகோப்ஷவன், ஹெல்ஹைம் மாதிரி பெரிய பனியாறுகள் கடல்ல முடியுற இடத்துல தண்ணிக்கு மேல தெரியுற சுவர் சுமார் 100 மீட்டரோட நின்னுடுது, அதுக்கு மேல போனா பெரிய பெரிய பாளமா உடைஞ்சு விழுந்துடும். அதுவும் அங்க கீழ்ப்பாதியை கடல்தண்ணி தாங்கிப் பிடிச்சுட்டு இருக்கு, சீரியல் சுவருக்கு அந்தத் துணையும் கிடையாது. ஏழாவது சீசன் கடைசியில டிராகன் வந்து நீல நெருப்பு ஊதி அதை உடைக்கும். டிராகன் வீண்செலவு.

இந்த 100 மீட்டர் விஷயத்தை சீரியல் ரசிகர்களை விட தீவிரமா துருவிட்டு இருக்கிறது அண்டார்டிகா ஆராய்ச்சியாளர்கள்தான். அங்க ஓரத்துல மிதக்கிற பனித்தட்டுகள் பின்னாடி இருக்கிற பனியாறுகளைத் தடுத்துப் பிடிச்சிருக்கு. 2002ல 'லார்சன் பி' அப்படிங்கற தட்டு, சுமார் 3250 சதுர கிலோமீட்டர், சுமார் ஒரு மாசத்துல சுக்கலாகிப் போச்சு. த்வைட்ஸ் பனியாறுக்கு முன்னாடி இருக்கிற தட்டும் அப்படிப் போனா பின்னாடி உயரமான ஐஸ் சுவர் வெட்ட வெளிச்சமா நிக்கும், உள்ள போகப் போக தரை இன்னும் ஆழமாகுது, அதனால ஒரு சுவர் விழுந்தா அதுக்கு பின்னாடி வர்றது இன்னும் உயரமா இருக்கும், அதுவும் விழும், இப்படியே உள்ள உள்ள போகும்னு 2016ல டிகோண்டோ, பொல்லார்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டர் மாடல் போட்டு சொன்னாங்க. த்வைட்ஸ் முழுசா போனா உலகக் கடல்மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும்.

எல்லாரும் இதை ஒத்துக்கல. 2019ல எம்ஐடி குழு ஒண்ணு மேல சொன்ன அந்த வழிதலையே எடுத்துக்கிட்டு வாதாடுச்சு, மிதக்கிற தட்டு மெதுவா விலகினா பின்னாடி இருக்கிற ஐஸுக்கு வழிஞ்சு தளர நேரம் கிடைக்கும், உடையாது, தட்டு சில மணி நேரத்துல காணாமப் போனாதான் 100 மீட்டர் சுவர் உடையும்னு. 2024ல வந்த இன்னொரு ஆய்வு, த்வைட்ஸோட தட்டு இன்னைக்கே போனா கூட இந்த நூற்றாண்டுல அந்த சங்கிலித் தொடர் ஆரம்பிக்க வாய்ப்பு கம்மின்னு சொல்லுது, ஐஸ் வேகமா ஓடி மெலிஞ்சு போறதால சுவர் ஆபத்தான உயரத்துக்கு வளரவே வளராதாம். அதுக்காக த்வைட்ஸ் பத்திரமா இருக்குன்னு அர்த்தம் இல்ல, கீழ சூடான கடல்தண்ணி அரிச்சு அது பின்வாங்கிட்டுதான் இருக்கு, உடைஞ்சு விழுமா வழிஞ்சு போகுமாங்கறதுலதான் சண்டை.