அமெரிக்க ஸ்கூல்ல தடுப்பூசிக்கு மத விலக்கு: எங்க கிடைக்கும், எதுவரைக்கும் செல்லும்

அமெரிக்காவுல பிள்ளையை ஸ்கூல்ல சேர்க்கணும்னா தட்டம்மை, போலியோ மாதிரி நோய்களுக்கு ஊசி போட்ட ரெக்கார்டு காட்டணும். இது மத்திய அரசு போட்ட சட்டம் இல்ல, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா போட்டது, அதனால மத நம்பிக்கையைச் சொல்லி விலக்கு கேக்கலாமா கூடாதாங்கறதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெரும்பாலான மாநிலங்கள்ல கிடைக்கும். கலிஃபோர்னியா, நியூயார்க், மெயின், கனெக்டிகட் நாலுலயும் எடுத்துட்டாங்க, அங்க டாக்டர் எழுதித் தர்ற மருத்துவ விலக்கு மட்டும்தான். சில இடத்துல பெத்தவங்க கையெழுத்துப் போட்ட ஃபார்ம் போதும், டெக்ஸாஸ்ல அஃபிடவிட் தரணும், அது ரெண்டு வருஷம் செல்லும்.

ஆனா விலக்கு வாங்கிட்டோம், இனி கவலையில்லன்னு இருந்துடாதீங்க. ஸ்கூல்ல யாருக்காவது தட்டம்மை வந்தா ஊசி போடாத பிள்ளைங்களை வீட்டுலயே இருக்கச் சொல்லுவாங்க, வழக்கமா 21 நாள், நடுவுல புதுசா இன்னொரு பிள்ளைக்கு வந்து அதுகிட்ட இருந்து தொற்று பட்டிருக்கலாம்னா எண்ணிக்கை முதல்ல இருந்து ஆரம்பிக்கும். விலக்கு ஃபார்மைக் காட்டினாலும் உள்ள விடமாட்டாங்க.

ஏன் இவ்ளோ கறார்னா, தட்டம்மை பரவாம இருக்க நூத்துக்கு 95 பேராவது ஊசி போட்டிருக்கணும். ஒரு வயசு ஆகாத கைக்குழந்தைக்கு வழக்கமா இந்த ஊசி போடறதில்ல, கேன்சர் சிகிச்சையில இருக்கற பிள்ளைக்குப் போடவே முடியாது, அவங்களுக்கு பாதுகாப்பே சுத்தி இருக்கற நாமதான், என்னைப் பொறுத்தவரை இந்த விதியோட உயிரே இதுதான். 2019ல ப்ரூக்ளின்லயும் ராக்லேண்ட் கவுண்டியிலயும் தட்டம்மை பரவின பிறகுதான் அதே வருஷம் ஜூன்ல நியூயார்க் மத விலக்கை ரத்து பண்ணுச்சு.

கோர்ட்டு இதை ரொம்ப நாளாவே பாத்துட்டு இருக்கு. பெரியம்மை ஊசி போட மறுத்த ஒரு பாதிரியாருக்கு 5 டாலர் அபராதம் போட்டது செல்லும்னு 1905லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1944ல இன்னொரு வழக்குல, மத சுதந்திரம்ங்கறது பிள்ளையையோ ஊரையோ தொத்து நோய்க்கு ஆளாக்கற சுதந்திரம் இல்லன்னு எழுதினாங்க. இப்பவும் பல மாநிலங்கள்ல வழக்கு நடக்குது, சட்டமும் மாறிட்டே இருக்கு, அதனால அட்மிஷனுக்கு முன்னாடி உங்க மாநில சுகாதாரத் துறை சைட்டை ஒரு தடவை பாத்துடுங்க.

கிரீன் கார்டுக்கு இது வேற கணக்கு. அங்கயும் மத நம்பிக்கைக்கு விலக்கு உண்டு, ஆனா எந்த ஊசியுமே வேண்டாம்னு உண்மையா நம்பறவங்களுக்குத்தான், இந்த ஒண்ணு மட்டும் வேண்டாம்னு பொறுக்கி எடுத்தா கிடைக்காது.