போனைப் பறித்தால் எல்லாம் சரி என்று நினைக்கும் பெற்றோருக்கு

இந்த மாதமும் ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதவேண்டிய பிள்ளை. இரவிரவாக டிக்டொக்கில் லைவ் (நேரலை) போடுகிறாள். தகப்பன் போனைப் பறித்து உடைத்துவிட்டார். இப்போது பிள்ளை சாப்பிடுவதும் இல்லை, கதைப்பதும் இல்லை. "போன்தான் இல்லையே, இன்னும் என்ன அழுகை?" என்று தாய் கேட்கிறார். யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

அவள் அழுவது போனுக்காக இல்லை. லைவில் தினமும் அவளைத் தேடி வந்தவர்கள் "தங்கச்சி, சாப்பிட்டாச்சா?" என்று எழுதினார்கள். அவளும் பெயர் சொல்லிப் பதில் சொன்னாள். வீட்டில் நாம் கேட்பதோ "படிச்சாச்சா?" மட்டும்தான். "முகம் தெரியாத ஆட்களோடு என்ன சிநேகம்?" என்கிறீர்கள். திரையில் தெரிபவரை நெருங்கியவராக உணர்வதைப் பற்றி ஹோர்ட்டன், வோல் என்ற இருவர் 1956இலேயே எழுதிவிட்டார்கள். அப்போது தொலைக்காட்சி பார்ப்பவரின் பெயரைச் சொல்லாது. லைவ் சொல்கிறது. பாரிசில் தனி அறையில் இருக்கும் ஒருவர் வேலை முடிந்து வந்து ஒரு ரோஜா (லைவில் காசு கொடுத்து அனுப்பும் கிஃப்ட்) அனுப்புவதும் தன் பெயரைக் கேட்கத்தான். அவருக்கு அது இரவு எட்டு, ஒன்பது மணி; இங்கே நடுச்சாமம். பிள்ளை வகுப்பில் ஏன் தூங்குகிறாள் என்று இனியும் கேட்காதீர்கள்.

கிஃப்ட் எப்போது வரும் என்று தெரியாததால்தான் நிறுத்த முடிவதில்லை. பார்ப்பவர் எண்ணிக்கை கண் முன்னே குறையும்போது, தன்னையே வேண்டாம் என்று விட்டுப் போகிறார்கள் என்று பதினைந்து வயது மனம் நினைக்கிறது. இதற்கு மாத்திரை கேட்டு வருபவர்களும் உண்டு. தூக்கத்தை முதலில் சரிசெய்யுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

சரி, என்ன செய்வது? டிக்டொக்கில் 18 வயதுக்குக் குறைந்தவர் லைவ் போடக்கூடாது. 2022 முதல் அதுதான் விதி. அப்படியானால் யாருடைய கணக்கில் போனாள்? அடிக்காமல் கேளுங்கள். கிஃப்ட் தந்த யாராவது வாட்ஸ்அப்புக்கு வா, படம் அனுப்பு என்று கேட்டாரா என்பதையும் கேளுங்கள். கேட்டிருந்தால் எதையும் அழிக்காமல் சிறுவர் பாதுகாப்பு உதவி இலக்கமான 1929க்கு அழையுங்கள். பிள்ளை சாகப்போகிறேன் என்று ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மனநல உதவிக்கு 1926 இருக்கிறது.

தயவுசெய்து, போனைப் பறிக்க முதல் அவளோடு பக்கத்தில் இருந்து ஒரு லைவை முழுதாகப் பாருங்கள். யார் வருகிறார்கள், அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று பாருங்கள். அதற்குப் பிறகு கிளினிக்குக்கு வந்தால் எனக்கும் கதைக்க ஏதாவது இருக்கும்.