ஆழியாறு இறக்கமும் ஒரு கிராஸும்: பழைய ஜீப்பின் உதறலை எங்கே தேடுவது

"ஏனுங்ண்ணா, கிரௌன் பினியன் புதுசாவே மாத்தியாச்சுங்க. அப்பவும் வண்டி ஒதறுதுங்க. கியர்பாக்ஸைப் பிரிச்சுப் பாத்தரலாமுங்களா?"

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தம்பி ஒருவர் இப்படிக் கேட்டுக்கொண்டே பட்டறைக்குள் வந்தார். வண்டி பியூஜோ டீசல் எஞ்சின் போட்ட பழைய மஹிந்திரா எம்எம்540. வேறொரு இடத்தில் பின் ஆக்சிலின் ஹவுசிங்கைப் பிரித்து, சக்கரத்துக்குச் சுழற்சியைத் திருப்பிவிடும் கிரௌன், பினியன் என்ற பல்சக்கர ஜோடி, பேரிங் எல்லாம் மாற்றியிருந்தார்கள். பெரிய தொகை செலவாகியிருந்தது. உதறல் மட்டும் அப்படியே இருந்தது.

பொள்ளாச்சியில் பழைய ஃபோர் வீல் வண்டிகளையே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு இந்தக் கதை புதிதில்லை. ஸ்பானரை எடுப்பதற்கு முன் யாரும் வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பதில்லை. நானும் வருபவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காதீர்கள், எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பழைய ஜீப்பில் அடித்தகடு, பாடி, சேஸிஸ் எல்லாம் சத்தத்தைக் கடத்தும். முன்னால் கிளம்பும் சத்தம் பின் சீட்டுக்கு அடியில் கேட்கும். இடத்தை நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கோவை ரோட்டில் ஓட்டினேன். ஐம்பத்தைந்தில் லேசாகத் தொடங்கி, அறுபதைத் தாண்டும்போது தரையும் சீட்டும் சேர்ந்து நடுங்கின. அதே வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருள விட்டேன். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் நடுக்கம் குறையவில்லை. அப்படியானால் எஞ்சினிலோ கிளட்சிலோ குற்றமில்லை. மிச்சம் இருப்பவை சக்கரம், ஆக்சில், புரபெல்லர் ஷாஃப்ட். கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பைப்தான் இந்த ஷாஃப்ட். அது கோணத்தில் சுற்ற வசதியாக இரு முனையிலும் இருக்கும் கூட்டல் குறி வடிவ ஜாயின்ட்தான் கிராஸ்.

அடுத்தது, நடுக்கம் மெதுவானதா வேகமானதா என்பது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். 6.00-16 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு ஏழெட்டுச் சுற்று. ஆக்சில் விகிதம் 5-ஐ ஒட்டி இருக்கும் வண்டியில் புரபெல்லர் ஷாஃப்ட் அதைப்போல ஐந்து மடங்கு சுற்றும், அதாவது நொடிக்கு 35-க்கும் மேல். டயர் கோணலாக இருந்தால் 'தும் தும்' என்று எண்ணிவிடக்கூடிய ஆட்டம் வரும். ஷாஃப்ட் என்றால் எண்ணவே முடியாது. வண்டு ரீங்கரிப்பதுபோல் காலடியில் ஓர் அதிர்வு. தம்பியின் வண்டியில் இருந்தது இரண்டாவது வகை.

பட்டறைக்குத் திரும்பி வண்டிக்கு அடியில் படுத்தேன். ஷாஃப்ட் முழுக்கத் தோட்டத்துச் செம்மண்ணும் கிரீஸும் கலந்து காய்ந்து கிடந்தது. டீசலில் நனைத்த துணியால் துடைத்து எடுத்ததும் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. கிராஸைப் பிடித்திருக்கும் கவட்டைதான் யோக். முன் முனையில் இருந்த யோக்கும் பின் முனையில் இருந்த யோக்கும் ஒரே நேராக நிற்கவில்லை. பின்னது இரண்டு மூன்று ஸ்ப்லைன் பல் தள்ளித் திரும்பியிருந்தது. எப்போதோ கிராஸ் மாற்றியவர்கள் ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்காக ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் ஸ்லிப் ஜாயின்ட்டைக் கழற்றி, குறி பார்க்காமல் திரும்பச் செருகியிருக்கிறார்கள்.

கிராஸ் ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடி, இரண்டு தடவை குறையும். மறுமுனையில் இருக்கும் ஜாயின்ட் அதே நேரத்தில் அதற்கு எதிராக வேலை செய்து அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்துவிடும். அதற்கு ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே நேரில் இருந்தாக வேண்டும். தள்ளிப் போனால் சமனாவதற்குப் பதில் ஏற்ற இறக்கம் அப்படியே ஹவுசிங்குக்குள் போய் அடிக்கும். ஷாஃப்டைக் கழற்றி, நேர் பார்த்துச் செருகி, கிரீஸ் அடித்து மாட்டினேன். பொருள் செலவு ஒன்றுமே இல்லை. அதே ரோட்டில் எழுபது வரை ஓட்டினோம், நடுக்கம் இல்லை. ஷாஃப்டைக் கழற்றுவதற்கு முன் சாக்பீஸாலோ சென்டர் பஞ்சாலோ குறி போடுவது அரை நிமிட வேலை. தொழில் பழகிய காலத்தில் நானும் ஒரு மாருதி ஜிப்சியில் இதே தவறைச் செய்திருக்கிறேன். அந்த வண்டிக்காரர் மூன்று முறை அலைந்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. அவர் அலைந்த அலைச்சல் இன்றும் மனசை உறுத்துகிறது.

நேர் சரியாக இருந்தும் அதிர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கலாம், பேலன்ஸ் தகடு பிய்ந்து விழுந்திருக்கலாம். பற்ற வைத்த அந்தச் சிறு தகட்டின் தடம் பைப் மேல் தெரியும். கோவையிலோ நாமக்கல்லிலோ கொடுத்து பேலன்ஸ் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்பிரிங் பட்டையைச் சேஸிஸோடு இணைக்கும் சாக்கிளை நீளமாக்கி வண்டியை உயரமாக்கியவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஜீப்பின் பின் ஷாஃப்ட் ஏற்கனவே குட்டை. பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தாலே ஷாஃப்டின் கோணம் கூடி, பினியன் மூக்கும் திரும்பிவிடும். அதற்குப் பிறகு எத்தனை புது கிராஸ் போட்டாலும் நிலைக்காது. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைத் திருத்தினால்தான் அடங்கும். வண்டியைச் சேஸிஸில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சில் தொங்க, சக்கரத்தை ஓடவிட்டுப் பார்ப்பவர்களும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தொங்கும்போது கோணமே வேறு. இல்லாத உதறலெல்லாம் அங்கே வரும். ஆபத்தும் கூட.

இனி சத்தங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றுவிட்டால், அல்லது அதற்கு மாறாக விடும்போது மட்டும் ஊளையிட்டால், கிரௌன் பினியன் பற்கள் ஒன்றோடொன்று படியும் இடத்தில் கோளாறு. கொடுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங் பக்கம் பாருங்கள். பினியன் யோக்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். சுற்றும் திசையில் கொஞ்சம் ஆட்டம் பழைய வண்டியில் இருக்கத்தான் செய்யும். மேல் கீழாக ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். வளைவில் வலப்பக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் இடப்பக்க வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள், பாரம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ரோடு மாறியதும் சத்தமும் மாறினால் அது டயர். பெரிய பல் வைத்த கட்டை டயர் போட்டுவிட்டு ஹவுசிங்கைப் பிரித்தவர்களை எத்தனையோ பேர் பார்த்துவிட்டேன்.

ஃபோர் வீல் லீவரைப் போட்டபடியே தார் ரோட்டில் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே, சுற்றும் வேக வித்தியாசத்தைச் சரிக்கட்டும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் பின் சக்கரங்களைவிட முன் சக்கரங்கள் கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆனால் இரண்டும் பூட்டியிருப்பதால் முடியாது. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழியில்லை. ஸ்டீயரிங் இறுகும், 'டக்'கென்று குதிக்கும், லீவர் திரும்ப வராது. நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடுபடும். முன்னால் புது டயரும் பின்னால் தேய்ந்த டயரும் இருந்தால் நேர் ரோட்டிலேயே இந்தப் பிடிப்பு வரும்.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஒரு சின்னச் சத்தத்துக்கு. மெதுவாகப் போகும்போது, குறிப்பாக ரிவர்ஸில், 'கிச் கிச்' என்று குருவி கத்துவதுபோல் வேகத்தோடு கூடிக் குறையும். காய்ந்துபோன கிராஸ் அது. கிராஸின் நான்கு முனையையும் மூடியிருக்கும் கப் ஓரத்தில் குங்குமம் மாதிரி சிவப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே ஊசி பேரிங் அரைபட்டுத் துருவாகிக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்த கட்டம், கிளட்சை விடும்போது வரும் 'டங்'.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இரண்டாவது கியரில் எஞ்சின் பிடியில்தான் எல்லோரும் இறங்குகிறோம். அந்தப் பிடி பின் சக்கரத்துக்கு வந்து சேருவது புரபெல்லர் ஷாஃப்ட் வழியாக. அமெரிக்க வில்லிஸ் ஜீப் வழியில் வந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, சுழற்சியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆக, பின் கிராஸ் உடைந்தால் எஞ்சின் பிடியும் ஹேண்ட் பிரேக்கும் ஒரே நொடியில் கையைவிட்டுப் போகும். முன் முனை கழன்று ரோட்டில் குத்தினால் நிலைமை இன்னும் மோசம். எந்த ஷாஃப்டில் குற்றம் என்று பார்க்கப் பின் ஷாஃப்டைக் கழற்றி, முன் சக்கர இழுப்பில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனைதான். ஆனால் கழற்றுவதற்கு முன்பே நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

போன மழைக்காலத்தில் மலை இறங்கிய ஒரு வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். ஒன்பதாவது வளைவுக்கு மேலே ஷாஃப்ட் விழுந்து, கால் பிரேக்கிலேயே திட்டில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார் ஓட்டியவர். ஆளுக்கு ஒன்றுமில்லை. "ரெண்டு மாசமா கிச்கிச்சுன்னுட்டே இருந்துச்சுங்க, கிரீஸ் அடிச்சா செரியாப் போயிரும்னு உட்டுட்டனுங்க" என்றார். கிரீஸும் அடித்துத்தான் இருந்தார். உடைந்த கிராஸைக் கழுவிப் பார்த்தேன். மூன்று கப்பில் பழைய கிரீஸ் கெட்டியாக இருந்தது. நான்காவதில் ஒரு பொட்டுகூட இல்லை, வழித்துளை அடைத்துக் கிடந்தது. அதன் ஊசிகள் தூளாகி, முனை பாதியாகத் தேய்ந்திருந்தது. கிரீஸ் கன் அடிக்கும்போது நான்கு கப்பிலும் புது கிரீஸ் வெளியே பிதுங்குகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் வரவில்லை என்றாலும், அந்தக் கிராஸோடு மலை ஏறாதீர்கள்.