சஸ்பென்ஷன்: வில்லமைப்பு

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சரக்கு ஏற்றச் சின்ன வண்டி ஒன்று எடுத்தார். கூடவே கொடுத்த தமிழ்க் கையேட்டோடு வீட்டுக்கு வந்து, "அண்ணே, இதப் பாருங்க, பின்னாடி என்னாத்தையோ நீக்கிட்டோம்னு போட்டுக்கிறாங்க" என்றார். "பின்புற இடைநீக்கம்: அரை நீள்வட்ட இலை நீரூற்றுகள்" என்று அச்சாகியிருந்தது. கடன் வாங்கி எடுத்த வண்டி. ஏதோ ஒரு பாகத்தைக் கழற்றிவிட்டுத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று மனிதர் உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார்.

இடைநீக்கம் என்பது வேலையிலிருந்து ஒருவரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது. ஆங்கிலத்தில் அதற்கும் சஸ்பென்ஷன்தான், வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேல் தாங்கிக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் அமைப்புக்கும் சஸ்பென்ஷன்தான். கார் விமர்சனக் காணொளிகளிலும் இதே சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

சஸ்பென்ஷன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்குத் தொங்கவிடுதல் என்று பொருள். ஐரோப்பாவில் பழைய குதிரை வண்டிகளின் கூண்டைத் தோல் வாரிலோ சங்கிலியிலோ தொங்கவிட்டார்கள். பிறகு எஃகு வில் வந்தது, வார் போனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இடைநீக்கத்தோடு வாதாட ஒன்றுமில்லை, அது வெறும் கவனக்குறைவு. என் வழக்கு 'தொங்கல் அமைப்பு' என்ற ஆக்கத்தோடு. அதைச் சொல்கிறவர்கள் தமிழ் அறிந்தவர்கள், வேர்ச்சொல் பார்த்தவர்கள். தொங்கு பாலம் இருக்கிறது, வேதியியல் பாடத்தில் தொங்கல் இருக்கிறது, காருக்கு மட்டும் ஏன் கூடாது என்பார்கள். பாலத்தில் பாதை வடத்தில் தொங்குகிறது. வேதியியலில் துகள்கள் நீரில் தொங்கி நிற்கின்றன. காரில் எது தொங்குகிறது? அம்பாசடரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். உடலின் எடை இரண்டு பக்கமும் எஃகுப் பட்டைகளின் மேல் இறங்குகிறது. கையேடு 'இலை நீரூற்று' ஆக்கிய லீஃப் ஸ்பிரிங் இதுதான். பட்டைகள் அதைச் சக்கரங்களின் அச்சான ஆக்சிலுக்கும், ஆக்சில் அதைச் சக்கரத்துக்கும் இறக்குகின்றன. தாங்கி நிற்பதைத் தொங்கல் என்றால், பார்க்கிறவன் கண்ணுக்கும் படிக்கிற சொல்லுக்கும் நடுவே பகை மூள்கிறது.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. அம்பாசடர், பத்மினி போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் அந்தப் பட்டைக்கு எடை தாங்குவதோடு வேலை முடிவதில்லை. என்ஜினின் முறுக்கு கியர்பாக்ஸ், நீள சாப்ட், ஆக்சிலின் நடுவே உள்ள டிஃபரன்ஷியல் பெட்டி எல்லாம் கடந்து சக்கரத்துக்கு வருகிறது. சக்கரம் சாலையைப் பின்னுக்குத் தள்ள, ஆக்சில் முன்னால் பாயப் பார்க்கும். அந்தத் தள்ளலை வாங்கி வண்டியின் உடலுக்குக் கொண்டுசேர்ப்பது பட்டையின் முன்பாதிதான். கிளட்சை விடும்போது ஆக்சில் கூடு எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதும் பட்டைதான். பள்ளத்தில் ஆக்சில் ஏறி இறங்கும்போது கியர்பாக்ஸுக்கும் அதற்கும் உள்ள தூரம் மாறுமே, அதற்காகத்தான் சாப்டில் சாய்ந்தாலும் சுற்ற விடும் ஜாயின்ட் கிராஸும், உள்ளே வெளியே நகரும் இணைப்பும் வைத்திருக்கிறார்கள். தாங்குவது, தள்ளலைக் கடத்துவது, ஆக்சிலை இடம் பெயராமல் நிறுத்துவது என்று மூன்று வேலை செய்கிற பொருளைத் தொங்கல் என்று சொல்லி நிறுத்துவது அநியாயம்.

மூலக்கடைப் பக்கம் ஒரு பட்டறையில் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு லாரி, சாய்ந்த நடையோடு வந்து நின்றது. "சென்டர் போல்ட் ஒடஞ்சா ஆக்சிலு நவுந்துடும் சார். மின்வீல் ஒரு பக்கம், பின்வீல் ஒரு பக்கம் போவும்" என்றார் பட்டறைக்காரர். பட்டை அடுக்கைக் கோத்து, ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துகிற போல்ட் அது. அவர் அந்தப் பட்டைக்குச் சொன்ன பெயர் கமான் பட்டை. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் அதுதான் பெயர். கமான் பாரசீகச் சொல், உருது வழியாக வந்தது. பொருள், வில்.

வில் என்றதும் எனக்கு வில்வண்டி நினைவுக்கு வந்தது. அச்சுக்கு மேல் எஃகுப் பட்டை வைத்த மாட்டுவண்டியை நம் ஊர்களில் அப்படித்தான் அழைத்தார்கள். சாதாரணக் கட்டை வண்டியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது அந்த ஒரு சொல். எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடாமலே தமிழன் இந்த அமைப்புக்குப் பெயர் வைத்துவிட்டான். பட்டறையும் கிராமமும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே பொருளைப் பிடித்திருக்கின்றன. அதனால் என் சொல் வில்லமைப்பு.

எல்லா வண்டியிலும் பட்டை இல்லையே என்று கேட்கலாம். பள்ளிப் பாடத்தில் சுருள்வில் ஏற்கெனவே இருக்கிறது. அம்பாசடரின் முன்பக்கத்தில் முறுக்கிக்கொடுக்கும் கம்பி உண்டு, அது முறுக்குவில். பேருந்துகளில் வரும் காற்றுப் பைக்குக் காற்றுவில். லீஃப் ஸ்பிரிங்குக்குப் பட்டைவில். ஒரே அடிச்சொல்லில் குடும்பமே கிளைக்கிறது, தொங்கலிலிருந்து இப்படி ஒன்றும் முளைக்காது. ஷாக் அப்சர்பரை 'அதிர்வு தாங்கி' என்பாரும் உண்டு. தாங்கி என்ற சொல்லைப் பேரிங்குக்குக் கொடுத்தாகிவிட்டது. தவிர, அதிர்ச்சியை முதலில் வாங்குவது வில். வாங்கியபின் வண்டி குதித்துக்கொண்டே இராதபடி ஆட்டத்தை அடக்குவதே ஷாக் அப்சர்பர். ஆகவே அதற்கு ஆட்டத் தணிப்பி என்பதே பொருந்தும். ஆங்கிலப் பெயரிலேயே உள்ள பிழையை நாம் சுமக்க வேண்டாம்.

அந்தக் கையேட்டில், என்ஜினின் முறுக்கைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ்டிரெயின் 'ஓட்டுநர் ரயில்' ஆகியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த பாகங்கள் என்பதே அங்கே டிரெயின், எனவே இயக்கத் தொடர் என்றால் போதும். டிஃபரன்ஷியலை 'வேறுபாடு' ஆக்கியிருந்தார்கள். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற இடம் கொடுக்கும் பெட்டி அது என்று ஒரு வரி எழுத யாருக்கும் பொறுமை இல்லை. மொழிபெயர்க்கிறவர்கள் ஒருநாள், ஒரே ஒருநாள், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உழைத்த காசில் வண்டி வாங்குகிறவனுக்கு அவன் மொழியில் புரிகிற கையேடு கொடுப்பது சலுகை ஆகாது.

தெருக்காரரின் கையேட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, மேலே பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: "பின்பக்க வில்லமைப்பு: பட்டைவில் (கமான் பட்டை)." படித்துவிட்டு, "அட, கமானா!" என்றார்.